ஐந்து அடுக்கு வெள்ளி

இடது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டால் பஸ்ஸுக்கு நம்பர் இல்லை. கையை எடுத்தால் இருந்தது. சத்திரம் பேருந்து நிலையத்தில் ராத்திரி எட்டரை மணிக்குக் காலிப் பூக்கூடைக்காரிகளும் டியூஷன் முடிந்த பையன்களும் முண்டியடித்து ஏறிக்கொண்டிருக்க, தஹ்ஸீன் ஒரு தூணோரம் நின்று இதையே ஏழெட்டுத் தடவை செய்து பார்த்தாள். பஸ் முழுசாகத் தெரிந்தது. டிரைவர் எதையோ மென்றுகொண்டிருந்ததுகூட ஓரமாகத் தெரிந்தது. எதை நேராகப் பார்க்கிறாளோ அந்த இடத்தை மட்டும் யாரோ ஈரத்துணியால் துடைத்துவிட்ட மாதிரி, சாம்பலும் பச்சையுமாக ஒரு கறை.

திங்கட்கிழமையிலிருந்து இப்படி. இன்றைக்கு வியாழன்.

"அண்ணே, இது ஸ்ரீரங்கம் போவுதா?"

"போர்டுல இவ்ளோ பெருசா எழுதியிருக்கு. கழுத்துல காலேஜ் கார்டு வேற தொங்குது" என்றார் கண்டக்டர். "ஏறும்மா, ஏறு. உனக்குத்தான் ஃப்ரீயாச்சே, எங்க போனா என்ன?"

படியில் நின்ற ஒரு பெண் பல் தெரியச் சிரித்தாள். தஹ்ஸீனும் சிரித்து வைத்தாள். ஜன்னலோரம் இடம் கிடைத்தது. பையை மடியில் வைத்துக் கட்டிக்கொண்டாள். இந்த மூன்று நாளில் அவள் யாரோடும் சேர்ந்தாற்போல் நாலு வார்த்தை பேசவில்லை. பேச ஆரம்பித்தால் எங்கே அது வாயில் வந்துவிடுமோ என்று பயம்.

பதினெட்டு வயது. பி.எஸ்சி. இயற்பியல், இரண்டாம் வருஷம். வீடு பாலக்கரையில்; அவளும் அம்மா ஷரீபாவும் மட்டும். அத்தா நஸ்ருல்லா வெல்டர். துவாக்குடிப் பட்டறைகளில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்துவிட்டு, இப்போது நாலு வருஷமாகச் சார்ஜாவில் இருக்கிறார். வெல்டிங் வெளிச்சம் கண்ணில் அடித்துவிட்டால் அவர்கள் வீட்டில் ஒரே வைத்தியம்தான். உருளைக்கிழங்கை வட்டமாக அரிந்து, மூடிய இமைமேல் வைத்துத் துணியால் கட்டிப் படுத்துவிட வேண்டும். அத்தாவுக்கு அம்மா எத்தனையோ ராத்திரி அப்படிக் கட்டிவிட்டிருக்கிறாள். மண்ணைக் கொட்டினாற்போல உறுத்தும், தண்ணீர் தாரையாக வடியும், அத்தா சுவரைப் பார்த்துத் திரும்பிப் படுத்து முனகுவார். மூன்றாம் நாள் டீயைக் குடித்துவிட்டு வேலைக்குக் கிளம்பிவிடுவார். வெல்டர் வீட்டுப் பெண்ணுக்கு வெளிச்சம் கண்ணில் அடித்தால் வேறென்ன தோன்றும்? தலைவலி என்று அம்மாவிடம் சொல்லி, மூன்று ராத்திரி போர்வைக்குள் கிழங்கைக் கட்டிக்கொண்டு படுத்தாள். காலையில் துண்டுகள் வாடிக் கறுத்துக் கிடந்தன. கறை கறையாகவே இருந்தது.

இன்று மக்ரிபுக்கு அப்புறம்தான் மொட்டைமாடிக்குப் போய் அத்தாவைக் கூப்பிட்டாள்.

"என்னம்மா அதிசயமா நீயே போன் போடுற? சார்ஜால மழையா பெய்யுது?"

"அத்தா, வெல்டிங் அடிச்ச கண்ணு எத்தன நாள்ல சரியாவும்?"

"யாருக்கு அடிச்சுது?"

"கிளாஸ்ல ஒரு பொண்ணோட அண்ணனுக்கு."

"எரியுதாமா?"

"இல்லியாம்."

"தண்ணி வடியுதா?"

"அதுவும் இல்லியாம்."

"அப்ப வேலைக்குப் போவ ஒடம்பு வணங்கல அவனுக்கு. ரெண்டு தட்டு தட்டி எழுப்பி விடச் சொல்லு."

"நேரா பாத்தா மட்டும் எதுவும் தெரியலயாம் அத்தா. சுத்தி எல்லாம் தெரியுதாம்."

அத்தாவின் சிரிப்பு நின்றது. பின்னால் யாரோ மலையாளத்தில் சத்தம் போட்டுக்கொண்டிருந்தது மட்டும் கேட்டது.

"எரியாம தெரியலன்னா அது வெல்டிங் அடி இல்லம்மா. நமக்கு வர்றது கண்ணுக்கு மேல. இது உள்ள போயிருக்கு. கெழங்கக் கட்டிக்கிட்டு வீட்லயே கெடக்காம இன்னிக்கே ஆஸ்பத்திரி போவச் சொல்லு. எனக்கு இங்க ஒருத்தனத் தெரியும்..." என்று ஆரம்பித்தவர் எதற்கோ நிறுத்திக்கொண்டார். "மறக்காம சொல்லிடு என்ன?"

"சொல்லிடறேன் அத்தா."

அம்மாவிடம் ப்ராஜெக்ட் வேலை, ராத்திரி சுபஸ்ரீ அக்கா வீட்டில் தங்குகிறேன் என்று சொல்லிக் கிளம்பிவிட்டாள். நேராக ஆஸ்பத்திரிக்கே போயிருக்கலாம். ஆனால் அங்கே முதல் கேள்வியே எப்படி ஆச்சு என்பதாகத்தான் இருக்கும். அதற்குப் பதில் சொன்னால் சுபஸ்ரீ அக்கா மாட்டிக்கொள்வாள். சொல்லாவிட்டால் கண் போய்விடும். பஸ் காவிரிப் பாலத்தில் ஏறியபோது ஆற்றுக் காற்று முகத்தில் அடித்தது; அவள் இரண்டு கண்ணையும் இறுக மூடிக்கொண்டாள். மூடினாலும் அந்தக் கறை இருந்தது, இன்னும் கொஞ்சம் வெளிச்சமாக.

கல்லூரியில் தஹ்ஸீனுக்கு இருந்த ஒரே ஆள் சுபஸ்ரீ அக்காதான். வகுப்பில் எல்லாரும் இரண்டு இரண்டு பேராகவும் நாலு நாலு பேராகவும் சேர்ந்துகொண்டபோது இவள் எப்படியோ விடுபட்டுப் போனாள். டிபன் பாக்ஸைத் தனியாகத் திறக்கக் கூச்சப்பட்டு, முதல் மாடியில் ஆள் நடமாட்டம் இல்லாத ஆராய்ச்சி வராந்தாவுக்குப் போவாள். அங்கேதான் ஒருநாள் அக்கா கதவைத் திறந்து, "டெய்லி இங்க உக்காந்து என்னத்தப் பாக்கற? உள்ள வா, ஃபேனாவது இருக்கு" என்றாள்.

அக்கா ஆறு வருஷமாக ஆராய்ச்சி செய்வது கட்டைவிரல் அகலக் கண்ணாடித் துண்டுகளை. காற்றை முழுக்க உறிஞ்சி எடுத்த ஓர் எஃகுக் கூண்டுக்குள் வெள்ளியைச் சுட வைத்து ஆவியாக்கிக் கண்ணாடிமேல் படியவிடுவாள். அதன்மேல் மின்சாரம் கடத்தாத துத்தநாக சல்பைடு. அதன்மேல் மறுபடி வெள்ளி. இப்படி ஐந்து அடுக்கு வெள்ளி, ஒவ்வொன்றுக்கும் நடுவில் சல்பைடு. அத்தனையும் சேர்ந்தாலும் ஒரு தலைமுடி அகலத்தில் நூற்றில் ஒரு பங்கு வராது.

"இந்த அஞ்சு அடுக்கு வெள்ளியையும் ஒண்ணா சேர்த்துப் பூசினா மூஞ்சி பாக்கற கண்ணாடி" என்று அக்கா அன்றைக்குச் சொன்னாள். "அந்தப் பக்கம் எதுவும் தெரியாது. அதே வெள்ளிய, அதே அளவ, பிரிச்சுப் பிரிச்சு நடுவுல எடம் விட்டு வெச்சா ஜன்னல். பாரேன்."

தஹ்ஸீன் துண்டைக் கண்ணருகே வைத்துப் பார்த்தாள். வெளியே வேப்பமரம் லேசான நீலப் பச்சையில் முழுசாகத் தெரிந்தது. இலைகூட அசைந்தது. முகம் பார்க்கும் அளவு வெள்ளி வழியாக மரத்தைப் பார்க்கிறோம் என்பது அவளுக்கு ஏதோ ரகசியம் சொன்ன மாதிரி இருந்தது. அன்றிலிருந்து மத்தியானமும் சாயங்காலமும் அங்கேதான். துண்டுகளைக் கழுவுவாள், பதிவேட்டில் எண்களை எழுதுவாள், கூண்டுக்குள் காற்றழுத்தம் இறங்கும் வரைக்கும் மணிக்கணக்காக அளவி முள்ளைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

துண்டின் உண்மையான வேலை அப்புறம்தான் புரிந்தது. சாதாரண வெளிச்சத்துக்கு அது திறந்திருக்கும். லேசர் மாதிரி பலமாக ஒன்று வந்து மோதினால், அந்த வெளிச்சமே வெள்ளியின் குணத்தை மாற்றிவிடும், அடுக்குகள் சாத்திக்கொள்ளும். கேமராவுக்கும் கண்ணுக்கும் முன்னால் காவல் வைப்பதற்காகத்தான் இத்தனை பாடும்.

"உங்க ஊரு வைகுண்ட ஏகாதசி மாதிரியாக்கா?" என்று கேட்டாள் தஹ்ஸீன். "நாலு பேரு வந்தா நேரா உள்ள போயிடலாம். நாப்பதாயிரம் பேரு ஒண்ணா வந்தா அந்தக் கூட்டமே வழிய அடைச்சுக்கும். வாட்ச்மேன் வேணாம்."

அக்கா விழுந்து விழுந்து சிரித்தாள். "சார்கிட்ட சொல்றேன், தீசிஸ்ல மொத அத்தியாயத்துல போட்டுடலாம்."

சார் என்பது அக்காவின் வழிகாட்டிப் பேராசிரியர். திங்கட்கிழமை அவர் வெளியூர் போயிருந்தார். இளங்கலைப் பெண்ணுக்கு லேசர் ஓடும் அறைக்குள் நுழைய அனுமதி கிடையாது. லேசர் ஓடும்போது தான் மட்டும்தான் இருப்பேன் என்று அக்கா கையெழுத்துப் போட்டே கொடுத்திருந்தாள். ஆனாலும் தஹ்ஸீன் கெஞ்சினாள், அக்கா விட்டாள். மூன்று மணி வாக்கில் சாரிடமிருந்து போன் வந்தது. அறைக்குள் டவர் கிடைக்காது. "எதையும் தொடாத. லேசர் முன்னாடி இருக்கற ஷட்டர் மூடியே இருக்கட்டும்" என்று சொல்லிவிட்டு அக்கா வராந்தாவுக்குப் போனாள்.

துண்டு இன்னும் லேசர் கதிருக்கு நடுவில் உட்காரவில்லை. ஒரு திருகு, மிஞ்சிப்போனால் இரண்டு திருகு. அக்கா திரும்பி வருவதற்குள் அதைச் சரியாக வைத்துக் காட்ட வேண்டும் என்று தஹ்ஸீனுக்கு ஆசை. ஆரஞ்சு நிறப் பாதுகாப்புக் கண்ணாடி போட்டிருந்தாள். ஆனால் அது லேசரின் பச்சையை முழுங்கிவிடும். பச்சைப் புள்ளியே தெரியாவிட்டால் எதை நடுவில் வைப்பது? கண்ணாடியை முக்காட்டின்மேல் ஏற்றிவிட்டுக்கொண்டாள். குத்துமதிப்பாக இரண்டு திருகு திருகிவிட்டு, சரியாக இருக்கிறதா என்று துண்டுக்கு அந்தப் பக்கம் போய், குனிந்து, அதன் வழியாகப் பார்த்துக்கொண்டே ஷட்டரைத் திறந்தாள்.

யோசிக்காமல் செய்த காரியம் என்று சொல்ல முடியாது. யோசித்துத்தான் செய்தாள். லேசரைத் தடுக்கத்தானே அந்த ஐந்து அடுக்கும்? எத்தனை பலமாக வந்தாலும் அது சாத்திக்கொள்ளும். அவளே கழுவிய கண்ணாடி, அவளே எழுதிய எண்கள். அதை நம்பாமல் வேறு எதை நம்புவது?

அவள் மறந்தது ஒன்றைத்தான். திருகிச் சரிபார்ப்பதற்காக அக்கா லேசரை மிகவும் குறைத்து வைத்திருந்தாள். துண்டின் கணக்குக்கு அது வெளிச்சமே இல்லை; நாலு பேர் வருகிற மாதிரி. அதனால் அது திறந்தே இருந்தது. எப்படி இருக்க வேண்டுமோ அப்படியே இருந்தது. கண்ணின் கணக்குக்கு அது தாங்குவதைவிட நூறு மடங்கு அதிகம்.

ஒரே ஒரு பச்சை. தலைக்குள் எங்கேயோ டப்பென்று ஒரு சத்தம் கேட்ட மாதிரி இருந்தது. விட்டுவிட்டுத் துடிக்கும் லேசர் அது; அடுத்த துடிப்பு வருவதற்குள் முகம் தானாகத் திரும்பிவிட்டது. ஷட்டரை மூடினாள். வலிக்கவில்லை. அக்கா உள்ளே வந்து, கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு பார்த்துவிட்டு, "அடிப்பாவி, நீயே சென்டர் பண்ணிட்டியா? தொடாதன்னேன் இல்ல? சரி, சூப்பரா பண்ணியிருக்க" என்று முதுகில் தட்டினாள். அந்தத் தட்டோடு தஹ்ஸீனின் வாய் அடைத்துப்போனது. அன்று சாயங்காலம் கிடைத்ததுதான் அக்காவுக்கு ஆறு வருஷத்திலேயே நல்ல அளவீடு.

ராஜகோபுரம் ஸ்டாப்பில் இறங்கி, கோபுரத்துக்குள் நுழைந்து, கடைத்தெருவைத் தாண்டித் தெற்குச் சித்திரை வீதிக்கு நடந்தாள். அக்காவின் வீடு ஒரு மளிகைக் கடைக்கு மேல் மாடிப் போர்ஷன். அக்காவின் அம்மா அமிர்தம் மாமி கதவைத் திறந்தாள்.

"வாடிம்மா, நீதானே அந்த லேபு பொண்ணு? சுபா சொல்லிண்டே இருப்பா. சாப்ட்டியோ? தளிகையெல்லாம் ஆயிடுத்து, மோர்சாதமும் மாவடுவும் இருக்கு."

"சாப்ட்டுட்டேன் மாமி" என்று பொய் சொன்னாள். மாமி நம்பவில்லை, தட்டை வைத்துவிட்டாள்.

மாமி டி.வி.யை அணைத்து விளக்கை அணைக்கும் வரைக்கும் தஹ்ஸீன் வேறு எதையெல்லாமோ பேசினாள். செமஸ்டர், மழை, வகுப்பில் யாரோ போனைத் தண்ணீரில் போட்டது. அக்கா மடிக்கணினியில் வரைபடங்களைத் திருத்திக்கொண்டே உம் கொட்டினாள். சார் அடுத்த வாரம் வருகிறார், வந்ததும் கட்டுரையை அனுப்பிவிடலாம், இனி நாலே மாதம், என்று இடையிடையே சொல்லிக்கொண்டாள். அவள் முகத்தில் அப்படி ஒரு தெளிவைத் தஹ்ஸீன் பார்த்ததே இல்லை. ஒவ்வொரு தடவையும் வாயைத் திறந்து மூடிக்கொண்டாள்.

பதினொன்றரைக்கு, புழுக்கம் தாங்காமல் இருவரும் மாடிக்குப் போனார்கள். தெற்கே ராஜகோபுரம் விளக்கில் நின்றது. அக்கா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து, "என்னடி, ப்ராஜெக்ட்டுன்னு வந்துட்டு நோட்டையே எடுக்கல?" என்றாள்.

"அக்கா, கோபுரத்து மேல எத்தன கலசம்?"

"பதிமூணு. ஏன்?"

தஹ்ஸீன் இடது கண்ணைப் பொத்திக்கொண்டாள். "எனக்கு எண்ண வரலக்கா. எதப் பாத்து எண்ணறேனோ அது இல்ல. பக்கத்துல இருக்கறது இருக்கு. அதப் பாத்தா அது போயிடுது."

"தூக்கக் கலக்கம்."

"திங்கக்கெழமலேர்ந்து."

அக்கா சுவரிலிருந்து நிமிர்ந்தாள். அப்புறம் எதையும் கோத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை. தானாகக் கொட்டியது. போன், ஷட்டர், முக்காட்டில் ஏற்றிவிட்ட கண்ணாடி, உருளைக்கிழங்கு, அத்தா. அழுகை வரவில்லை, பல் மட்டும் ஒன்றோடொன்று அடித்துக்கொண்டது. அக்கா விடுவிடுவென்று கீழே போய், கிராஃப் தாளும் அட்டையும் ஸ்கேலும் பென்சிலும் எடுத்து வந்தாள். போன் டார்ச்சைப் போட்டுச் சுவரில் சாய்த்து வைத்தாள். தாளின் நடுவில் ஒரு புள்ளி வைத்தாள். தஹ்ஸீனின் கன்ன எலும்பிலிருந்து தாள் வரைக்கும் ஸ்கேலால் அளந்து முப்பது சென்டிமீட்டரில் அட்டையைப் பிடித்தாள்.

"எடது கண்ண மூடு. புள்ளியப் பாரு. அசையாத."

"புள்ளியே இல்லையேக்கா."

"அது இருக்கற எடத்தப் பாரு. நான் பென்சில வெளியிலேர்ந்து உள்ள கொண்டு வரேன். நுனி மறைஞ்சதும் சொல்லு."

"போச்சு."

அக்கா அங்கே ஒரு சின்னக் கோடு கிழித்தாள்.

"இந்தப் பக்கம்?"

"வருது... வருது... போச்சு."

"இங்க?"

"போச்சு."

பன்னிரண்டு திசையிலிருந்தும் பென்சில் வந்தது. இரண்டாவது சுற்றில் இருவருக்கும் கை பழகிவிட்டது. லேபில் எண் வாசிப்பதும் எழுதுவதுமாக எத்தனையோ சாயங்காலம் இருந்த அதே தாளம். அந்த இரண்டு நிமிஷம் தஹ்ஸீனுக்குப் பயமே இல்லை. அக்கா கோடுகளைச் சேர்த்து வளைத்தபோது, முந்திரிப் பருப்பு மாதிரி ஒரு வடிவம் தாளின் நடுவில் உட்கார்ந்திருந்தது.

"எட்டு மில்லிமீட்டர்" என்று அக்கா தனக்குத்தானே சொல்லிக்கொண்டு, ஓரத்தில் வகுத்தாள், பெருக்கினாள். "கண்ணுக்குள்ள அர மில்லிமீட்டர்கூட இல்ல." பென்சில் நின்றது. "ஆனா சரியா நடுவுல."

கீழே யாரோ கடை ஷட்டரை இழுத்து மூடிப் பூட்டும் சத்தம் வந்தது. அக்கா தாளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அப்புறம்தான் வந்தது முதல் கேள்வி.

"யார்கிட்டயாவது சொன்னியோ?"

லேபில் அக்கா எல்லாரையும் போலத்தான் பேசுவாள். இந்த 'சொன்னியோ' மாமியோடு பேசும்போது மட்டும் வரும். வலிக்கிறதா என்று கேட்பாள் என்று தஹ்ஸீன் நினைத்திருந்தாள்.

"இல்லக்கா. ஒருத்தர்கிட்டயும் சொல்லல."

"சார் லேப மூடிடுவார். கையெழுத்துப் போட்டுக் குடுத்திருக்கேன்டி நான்." குரல் உடைந்தது. "ஆறு வருஷம். நீ ஏன்டி தொட்ட? தொடாதன்னு சொன்னேனா இல்லையா?"

"சொன்னீங்க."

"பின்ன?"

நீங்கள் வந்து பார்த்துச் சந்தோஷப்படுவீர்கள் என்றுதான் என்று சொல்ல நினைத்து, சொல்லவில்லை.

"நான் எங்க வீட்டுக் கல்யாணத்துல டி.ஜே. லைட்டப் பாத்துட்டேன்னு சொல்லிடறேன்க்கா" என்றாள். பஸ்ஸிலேயே யோசித்து வைத்திருந்தது. "அதுவும் பச்ச லேசர்தானே. காலேஜ் பேரே வராது."

அக்கா நிமிர்ந்து பார்த்தாள். அந்த முகத்தில் வந்த ஆறுதலைத் தஹ்ஸீன் இடது கண்ணால் தெளிவாகப் பார்த்தாள். பார்த்திருக்கவே வேண்டாம் என்று தோன்றியது.

"சொல்லலாம்" என்றாள் அக்கா மெதுவாக. "நெறைய பேருக்கு ஆறது அப்படி. டாக்டர் எவ்வளவு நேரம் பாத்தன்னு கேப்பார். மூணு நாலு செகண்டு, டான்ஸ் ஆடிண்டே பாத்துட்டேன்னு சொல்லு. கொஞ்சம் கொஞ்சமா மங்கித்துன்னு..."

"ஆனா இது ஒரே ஒரு தடவதானேக்கா. டப்புன்னு."

"டப்புன்னுன்னா?"

"சத்தம் கேட்டாப்புல இருந்துச்சு. தலைக்குள்ள."

அக்காவின் கையிலிருந்து பென்சில் உருண்டு விழுந்தது. அவள் அதை எடுக்கவில்லை.

"டி.ஜே. லைட்டு நின்னு எரியறது" என்றாள். தஹ்ஸீனிடம் சொல்வது போலவும் இல்லை, வேறு யாரிடமோ வாதாடுவது போல இருந்தது. "அது சூடு பண்ணும். சுட்ட புண்ணு மாதிரி. நம்மளது ஒரு செகண்ட நூறு கோடியாப் பிரிச்சு, அதுல ஏழெட்டு பங்கு. சூடு பரவ நேரமே இல்ல. வெடிக்கும். உள்ள ரத்தம் கசிஞ்சிருக்கலாம், ஓட்டை விழுந்திருக்கலாம். டாக்டர்கிட்ட டி.ஜே.ன்னு சொன்னா அவர் வேற எதையோ தேடுவார்." நிறுத்தினாள். "லேசர் பல்ஸ் எவ்வளவு நேரம்னு நான் சொல்லியே ஆகணும். சொன்னா எந்த லேப்னு கேப்பார்."

"கேட்டா தெரியாதுன்னு சொல்லுங்க."

"தெரியாதவாளுக்கு இதெல்லாம் தெரியுமாடி?" என்று அக்கா சிரிக்கப் பார்த்தாள். சிரிப்பு பாதியில் வேறு மாதிரி ஆனது. புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். "மூணு ராத்திரி கெழங்க வெச்சுண்டு படுத்திருந்திருக்க. ஒரு போன் பண்ணத் தோணலியாடி உனக்கு, மக்கு?"

"தோணிச்சு. உங்க நம்பர எடுத்து எடுத்து வெச்சேன்."

அக்கா எழுந்தாள். "கெளம்பு."

"காலைல போலாம்க்கா."

"கெளம்புன்னேன்."

வாசலில் மாமி விழித்துக்கொண்டு, "இந்த நேரத்துல எங்கேடி?" என்றாள். "இவ கண்ணுல அடி பட்டிருக்கு, ஆஸ்பத்திரி" என்று அக்கா செருப்பைத் தேடினாள். "அய்யய்யோ, பெருமாளே, தீர்த்தம் விட்டு அலம்பினேளோ?" என்று மாமி கேட்கும்போதே இருவரும் படியிறங்கிவிட்டார்கள். ஸ்கூட்டர் காவிரிப் பாலத்தைத் தாண்டி மெயின்கார்டு கேட் வழியாகப் போய், இரவிலும் திறந்திருக்கும் ஒரு கண் ஆஸ்பத்திரியில் நின்றபோது மணி பன்னிரண்டே முக்கால். தஹ்ஸீன் பின்னால் கம்பியைத்தான் பிடித்திருந்தாள். அக்காவின் தோளைப் பிடிக்கத் தைரியம் வரவில்லை.

நர்ஸ் இரண்டு கண்ணிலும் சொட்டு மருந்து விட்டு, மூடிக்கொண்டு இருபது நிமிஷம் உட்காரச் சொன்னாள். கண்பாப்பா விரியட்டும் என்றாள். ஒரு தாளும் கொடுத்தாள். பக்கத்து நாற்காலியில் அக்கா பேனா எடுத்து எழுதும் சத்தம் மட்டும் கேட்டது. பேர், வயசு, விலாசம் எல்லாம் கேட்டுக் கேட்டு எழுதினாள். அப்புறம் கேட்பதை நிறுத்திவிட்டாள். பேனா மட்டும் ஓடியது, நின்றது, மறுபடி ஓடியது. தஹ்ஸீன் கண்ணைத் திறந்தாள். விளக்குகளெல்லாம் பூசணிக்காய் அளவுக்கு ஊதியிருந்தன. தாள் வெறும் வெள்ளை. நல்ல கண்ணிலும் ஓர் எழுத்து நிற்கவில்லை.

"என்னக்கா எழுதறீங்க?"

பேனா இன்னும் இரண்டு வரி ஓடியது.

"படிச்சுக் காட்டுங்க."

அக்கா தொண்டையைச் செருமிக்கொண்டாள்.

"திங்கட்கிழமை, மாலை மூன்றே கால். கல்லூரி லேசர் ஆய்வகம். பச்சை லேசர், துடிப்பு வகை. எட்டு நானோ செகண்ட். ஒரே ஒரு துடிப்பு. வலது கண். உலோக அடுக்குப் பூச்சு வழியாக நேராகப் பார்த்தது. பாதுகாப்புக் கண்ணாடி அணியவில்லை." மூச்சு வாங்கினாள். "மாணவிக்கு அனுமதி இல்லை. அனுமதித்தது ஆராய்ச்சி மாணவி சுபஸ்ரீ. அப்போது அறையில் இல்லை."

"அத எதுக்குக்கா போட்டீங்க? டாக்டருக்கு அது வேணாமே."

"தெரியல" என்றாள் அக்கா. "எழுத ஆரம்பிச்சுட்டேன், வந்துடுத்து." தாளை நர்ஸிடம் கொடுத்தாள். போனை எடுத்துக்கொண்டு, "சார் தூங்கியிருப்பார். காலைல வேற யாராவது சொல்றதுக்குள்ள நான் சொல்லிடறேன்" என்று வராந்தா முனைக்குப் போனாள். கண்ணாடிக் கதவுக்கு அந்தப் பக்கம் நீல நிறமாக ஒரு கலங்கல் நடமாடியது. அது அக்காவா வேறு யாராவதா என்றுகூடத் தஹ்ஸீனால் சொல்ல முடியவில்லை.

"தஹ்ஸீன்... கூட யாரும்மா?"

"வெளியில போன் பேசறாங்க."

"சரி, நீ வா."

டாக்டர் ஒரு சின்ன வயசுப் பெண். தாளை இரண்டு தடவை படித்தாள். "இவ்ளோ கரெக்டா இதுவரைக்கும் யாரும் எழுதிக் குடுத்ததில்ல" என்று சொல்லிவிட்டு, தாடையை ஒரு தாங்கியில் வைக்கச் சொன்னாள். நெற்றியை ஒரு பட்டையில் ஒட்டச் சொன்னாள். இருட்டில் ஒரு விளக்கு நகர்ந்து வலது கண்ணுக்கு நேராக வந்து நின்றது. தஹ்ஸீனின் தலை தானாகப் பின்னால் போயிற்று.

"அசையாதம்மா. லைட்டப் பாரு."

"முடியல டாக்டர்."

"ஒண்ணும் ஆகாது. இது சாதா வெளிச்சம்தான். பாரு."

நாற்காலியின் விளிம்பை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு முகத்தை முன்னால் கொண்டுபோனாள். நடுவில் எதுவும் இல்லாமல் வெளிச்சம் நேராக உள்ளே வந்தது. இமைக்காமல் இருந்தாள்.

டாக்டர் ரொம்ப நேரம் பார்த்தாள். ஏதோ எழுதினாள், மறுபடி பார்த்தாள்.

"ரத்தம் கசிஞ்சு நின்னிருக்கு. அது கரையும், கரைஞ்சா சுத்தியுள்ளது கொஞ்சம் தெளியும். நடுவுல என்ன நிக்கும்னு இப்ப சொல்ல முடியாது. காலைல ஸ்கேன் எடுத்துட்டுப் பேசலாம். மூணு மாசம் விடாம வரணும். பளு தூக்காத, குனியாத. வீட்ல பெரியவங்க நாளைக்கு வரணும்."

"லேசர் ஓடற எடத்துக்கு இனிமே போலாமா டாக்டர்?"

டாக்டர் பேனாவை மூடிவைத்து அவளைப் பார்த்தாள். "அத நீ என்கிட்ட கேக்கக் கூடாது" என்றாள்.

வெளியே வந்தபோது அக்கா இன்னும் பேசிக்கொண்டிருந்தாள். பேசிக்கொண்டிருந்தாள் என்று சொல்வதுகூடத் தப்பு. "ஆமா சார்" என்றாள். "ஆமா சார். இல்ல சார், என் தப்புதான். ஆமா சார்." போனிலிருந்து வந்த குரல் நாற்காலி வரைக்கும் கேட்டது, வார்த்தை புரியவில்லை. அப்புறம் அதுவும் நின்றது. அக்கா வந்து உட்கார்ந்தாள். இருவருக்கும் நடுவில் ஒரு நாற்காலி காலியாக இருந்தது.

"டாக்டர் என்ன சொன்னா?"

"காலைல ஸ்கேன். நடுவுல என்ன ஆகும்னு தெரியாதாம்." அக்காவின் பக்கம் திரும்பி, "சார் என்ன சொன்னாரு?"

"நாளைக்கு லேப் சாவிய ஆபீஸ்ல குடுத்துடச் சொன்னார்."

அவ்வளவுதான். மூலையில் தண்ணீர்க் குடுவை ஒருமுறை குமிழி விட்டு அடங்கியது. எதிர்ச் சுவரில் என்னவோ படம் மாட்டியிருந்தது; தஹ்ஸீன் அதைப் பார்க்காமல் தரையைப் பார்த்தாள். தரையில் தேடுவதற்கு எதுவும் இல்லாததால் அங்கே எதுவும் காணாமல் போகவில்லை.

"அம்மாவுக்குச் சொல்லணும்க்கா. எனக்கு ஸ்க்ரீன் தெரியல."

அக்கா கையை நீட்டிப் போனை வாங்கி, ஷரீபாவின் பேரைத் தேடி அழுத்தி, ஸ்பீக்கரைப் போடாமல் திருப்பிக் கொடுத்தாள். கொடுத்துவிட்டு எழுந்து, கேட்காத தூரத்துக்கு நடந்து போனாள்.

நாலாவது மணியில் அம்மா எடுத்தாள்.

"தஹ்ஸீனு? என்னடி இந்நேரத்துல? எங்க இருக்க?"

"அம்மா, தூக்கத்துலேர்ந்து எந்திரிச்சு உக்காருங்க. லைட்டப் போடுங்க. நான் மொதல்லேர்ந்து சொல்றேன்."